சாதி பார்க்காத சிகிச்சை

உளச்சிகிச்சை அறைக்குள் சாதி கிடையாது என்பது பெங்களூரின் பயிற்சி வட்டாரங்களில் அநேகமாக யாரும் எதிர்த்துப் பேசாத கருத்து. எதிரே உட்கார்ந்திருப்பவர் மனிதர், அவருடைய துயரம் மனிதத் துயரம், கேட்பவர் தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிறார், இதில் சாதி எங்கே வந்தது என்பது அதன் சாரம். இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றவை தாமாகவே பின்தொடர்கின்றன. மாணவர் சேர்க்கையில் திறமை மட்டுமே பார்க்கப்படுகிறது. அரசு நிறுவனங்களில் இடஒதுக்கீடு இருப்பதால் குறை சொல்ல இடமில்லை. மிச்சமிருக்கும் ஏற்றத்தாழ்வு பணத்தால் வந்தது, பிறப்பால் வந்ததன்று. சாதியைப் பற்றிய பேச்சு முழுவதும் அமெரிக்க இனவெறி விவாதத்திலிருந்து வாங்கிய இரவல். அதைப் பேசுவதே அதை வளர்க்கும்.

இப்படிச் சொல்பவர்கள் சாதி வெறியர்கள் அல்லர். பலர் நேர்மையாகவே நம்புகிறார்கள். நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் சிகிச்சைக்கு வகுத்த நிபந்தனைகளில் ஒன்று, வந்தவரை எந்த நிபந்தனையும் வைக்காமல் மதித்து ஏற்பது. சிகிச்சையாளர் தம் கொள்கையை நோயாளியின் தலையில் சுமத்தக் கூடாது என்று ஃப்ராய்டின் வழிவந்தவர்கள் கற்பித்தார்கள். இரண்டும் நல்ல விதிகள். தூக்கம் கெட்டு, படபடப்போடு வந்த ஒருவரிடம் சமூகநீதிச் சொற்பொழிவு நிகழ்த்தும் சிகிச்சையாளரை யாரும் இரண்டாம் முறை தேடிப் போகமாட்டார்கள். ஆனால் கொள்கையைச் சுமத்தாமல் இருப்பது வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. முன்னதற்குக் கிடைத்த மரியாதையைப் பின்னது அனுபவித்து வருகிறது.

பெங்களூரில் இது உள்ளூர் விவகாரமாக நின்றுவிடுவதில்லை. 1954-ல் இங்கே அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டே மருத்துவ, சமூக உளவியலுக்கான பட்டயப் படிப்பு அங்கு வந்தது. 1974-ல் அது நிம்ஹான்ஸ் ஆயிற்று. 2012-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இன்று நாடெங்கும் மருத்துவ உளவியல் கற்பிப்பவர்களில் கணிசமானோர் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். அதைச் சுற்றி முதுகலை நடத்தும் தனியார் கல்லூரிகள், வார இறுதி டிப்ளமாக்கள், ஓராண்டு கவுன்சலிங் சான்றிதழ்கள் என ஒரு தனி உலகமே வளர்ந்திருக்கிறது. இங்கே வழக்கமாவது சில ஆண்டுகளில் மற்ற நகரங்களிலும் வழக்கமாகிறது. இனி, அந்தக் கருத்துக்கான மறுப்பு, ஒவ்வொரு புள்ளியாக.

1. சொல்லாமல் விட்டதற்கெல்லாம் பொருள் உண்டு என்று கற்பிக்கும் துறை, சாதியைச் சொல்லாமல் விட்டதற்கு மட்டும் பொருள் இல்லை என்று எந்த நியாயத்தில் சொல்கிறது? நோயாளி பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அதில் செய்தி இருக்கிறது என்கிறார்கள். கட்டணம் கொடுக்க மறந்தால் அதிலும் இருக்கிறது. அப்பாவைப் பற்றிப் பேசும்போது குரல் கம்மினால் குறிப்பேட்டில் அது கட்டாயம் ஏறும். ஆறு மாதம் வாரந்தோறும் வந்த ஒருவர், தம் ஊரைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசிவிட்டு, அம்மூன்றையும் தீர்மானித்த ஒன்றைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாவிட்டால் அது மட்டும் கவனத்துக்கு உரியதாகப்படுவதில்லை. சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். மனநிலைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த ஒரு மனநிலையைச் சமூகவியல் துறைக்குத் தள்ளிவிட்டார்கள்.

திருமணச் சிக்கல்களில் இது அப்பட்டமாகத் தெரியும். காதலித்தவரை வீட்டில் ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இந்நகரத்துக் கவுன்சலர்களுக்குப் புதியவர்கள் அல்லர். இந்தியாவில் சாதி மாறி நடக்கும் திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான் என்று இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, ‘பெற்றோரின் எதிர்பார்ப்பு’, ‘தலைமுறை இடைவெளி’, ‘எல்லை வகுத்துக்கொள்ளுதல்’ என்னும் சொற்களிலேயே அந்தச் சிக்கல் பேசி முடிக்கப்படுகிறது. பெண் வீட்டார் ஏன் கதவை அடைத்தார்கள் என்பது அறையில் உள்ள இருவருக்கும் தெரியும். இருவரும் அதைத் தொடுவதில்லை. நடுநிலை என்று இதற்குப் பெயர் வைத்தாலும், அந்த நடுநிலை கதவை அடைத்தவர் பக்கமே சாய்ந்திருக்கிறது.

2. பாகுபாடு பற்றிய புகாரையே நோய்க்குறியாக மாற்றிவிடும் வசதி வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? மறுப்பின் மையம் இதுதான். அதனால் பயிற்சி நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

உளச்சிகிச்சை மாணவர் புத்தகம் படித்துத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பேசியதை வரிவரியாக எழுதிக் காட்ட வேண்டும். பல பயிற்சிகளில் தாமே ஒரு சிகிச்சையாளரிடம் போய் உட்கார வேண்டும். குழுவில் தம் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும். முர்ரே போவனின் வழிவந்த குடும்பச் சிகிச்சையில் ‘ஜீனோகிராம்’ என்று ஒன்று உண்டு. மூன்று தலைமுறை வம்சத்தைச் சதுரமும் வட்டமுமாக வரைந்து, யார் யாரை மணந்தார், யார் என்ன வேலை செய்தார், எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தார் என்று பலகையில் எழுதி விளக்க வேண்டும். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் எழுத்தர், அப்பா பொதுத்துறை வங்கி அதிகாரி என்று எழுதும் மாணவர் தம் குடும்பத்தைப் பற்றி மட்டும் சொன்னதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் சாதி இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூர் வரும் குடும்பத்துப் பிள்ளை அதே பலகைக்கு முன்னால் நிற்பதை எண்ணிப் பார்க்கலாம். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அவர்கள் பிழைப்பு பெங்களூரை நம்பி ஆயிற்று. தாத்தா சுரங்கத் தொழிலாளி, பாட்டி துப்புரவுப் பணியாளர் என்று எழுதிய உடனே பலகையில் சாதி ஏறிவிடுகிறது. எழுதாவிட்டால், குடும்ப வரலாற்றை மறைக்கிறார், தம்மைத் திறந்து காட்டத் தயங்குகிறார் என்று மதிப்பீட்டுத் தாளில் ஏறும். இரண்டில் எதைச் செய்தாலும் விலை கொடுப்பவர் ஒருவரே.

தமிழ் வாசகர் ஒருவர், எங்கள் பெயர்களில்தான் சாதியே இல்லையே என்று கேட்கலாம். 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்ன பிறகு அந்தப் பழக்கம் வேரூன்றியதும், பெங்களூரில் தமிழர்கள் வெறும் இனிஷியலோடு நடமாடுவதும் உண்மையே. ஆனால் ‘சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை’ என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகு இனிஷியல் எதையும் காப்பாற்றுவதில்லை. முதல் சந்திப்பில் வரலாறு கேட்கும் சிகிச்சையாளர் கேட்பதும் ஏறக்குறைய இவைதான்.

இனி, அந்தத் தங்கவயல் மாணவர் மேற்பார்வையாளரிடம் போய், நோயாளி என் சொந்த ஊரைக் கேட்டபின் வேறு ஆளிடம் மாற்றித் தரச் சொன்னார் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சக மாணவர்கள் தம்மைப் ‘பாவம், கோட்டா’ என்று பேசிக்கொள்வதையும் சொல்கிறார். பொறியியல் கல்லூரியாக இருந்தால் இது புகார்; விசாரிக்கலாம், மறுக்கலாம், மூடி மறைக்கவும் செய்யலாம், ஆனாலும் அது புகார்தான். உளச்சிகிச்சைப் பயிற்சியில் அதற்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. ‘இது உங்களுக்குள் எதைக் கிளறுகிறது?’ என்ற கேள்வி வருகிறது. அடுத்து, ‘இதை உங்கள் பர்சனல் தெரபியில் எடுத்துப் பேசுங்கள்.’ பிறகு, தொட்டாற்சிணுங்கி, ஆறாத கோபம் உள்ளவர், அதிகாரத்தோடு தீராத பிணக்கு உள்ளவர் என்ற மதிப்பீடு. புறத்தில் நடந்த ஒன்று மாணவரின் அகத்துக்கு இடம் மாற்றப்பட்டுவிட்டது. செய்தவர் கேள்விக்கு உட்படவில்லை, பட்டவர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டுவிட்டார். இதைச் செய்த மேற்பார்வையாளர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. துறை அவருக்குக் கற்றுக்கொடுத்த கேள்விகளைத்தான் அவர் கேட்டார். நல்லெண்ணத்தோடு நடப்பதாலேயே இதை எதிர்ப்பது கடினமாக இருக்கிறது.

3. திறமை மட்டுமே பார்க்கப்படுகிறது என்றால், எந்தத் திறமை, யாருடைய அளவுகோலில்? எழுத்துத் தேர்வுக்கு விடைக்குறிப்பு உண்டு. உளச்சிகிச்சையில் தேர்வுக்குப் பின் வருவதெல்லாம் நேர்காணல், குழு விவாதம், ‘இவர் இதற்குப் பொருத்தமானவரா’ என்ற மதிப்பீடு. தன்னைத் தானே நோக்கும் ஆற்றல் வேண்டும் என்கிறார்கள்; சரியான எதிர்பார்ப்பே. நடைமுறையில் அது, தன் உணர்ச்சிகளைச் சரளமான ஆங்கிலத்தில், உரிய இடைவெளிகளோடு, குரல் உயராமல் விவரிக்கும் ஆற்றலாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டில் உணர்ச்சியைத் தமிழிலோ கன்னடத்திலோ உரத்துச் சொல்லி வளர்ந்தவர் ‘இன்னும் பக்குவப்பட வேண்டியவர்’ ஆகிறார். இத்தனைக்கும் அவர் நாளை பார்க்கப்போகும் நோயாளிகளில் பெரும்பாலோர் அப்படிப் பேசுபவர்கள்தான்.

இத்தகைய மதிப்பீட்டின் விளைவைச் சோதித்துக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். உயர்சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். சாதியை அறிவிக்காதபோது இரு தரப்பும் சமமாகச் செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகு தாழ்த்தப்பட்டவர்களின் ஆட்டம் சரிந்தது. அதிகம் பேசப்படாத மூன்றாவது பகுதி இங்கே முக்கியம்: பரிசைத் தீர்மானிப்பதில் சீட்டுக் குலுக்கலைப் புகுத்தியபோது அந்த இடைவெளி மறைந்தது. தம் உழைப்புக்கு மனிதர்கள் நியாயமாகப் பலன் தரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பே சிறுவர்களின் கையைக் கட்டியது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். மேற்பார்வையாளர் ஒருவரின் மன ஒப்புதலையே பெருமளவு நம்பியிருக்கும் பயிற்சி, அந்தச் சோதனையின் இரண்டாம் பகுதியை ஆண்டுக்கணக்கில் நடத்திக்கொண்டிருக்கிறது.

தகுதியைத் தேர்வு வரிசையோடு மட்டும் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே கர்நாடக அரசின் பதவி உயர்வுச் சட்டம் தொடர்பான பி.கே. பவித்ரா வழக்கில் 2019 மே 10 அன்று சொன்னது. உளச்சிகிச்சைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். துயரத்தில் இருக்கும் மனிதரோடு பேசத் தெரிவதே இத்தொழிலின் தகுதி. சேரியில் பிறந்து வளர்ந்து, இரண்டு மூன்று மொழிகளில் புழங்கி, அவமானத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரிடம் அந்தத் தகுதி குறைவு என்று நிறுவ வேண்டிய கடமை, அப்படிக் கருதுபவர்களுக்கு இருக்கிறது.

பயிற்சி முடிந்த பிறகு நோயாளிகள் வந்து சேர்வது பெரும்பாலும் பரிந்துரையால். யார் யாரை யாரிடம் அனுப்புகிறார்கள் என்பது நட்பு வட்டத்தைப் பொறுத்தது. நட்பு வட்டம் எப்படி அமைகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. உளச்சிகிச்சையாளர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு என்று நம்ப எந்த ஆதாரமும் காட்டப்பட்டதில்லை. தொழிலில் யார் யார் இருக்கிறார்கள் என்று சாதிவாரியாக எண்ணிக் காட்டாமல், பாகுபாடு இல்லை என்று சொல்வது கணக்குப் பார்க்காமல் லாபம் என்று சொல்வதுதான்.

4. இடஒதுக்கீடு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்பவர்கள் அது எந்த வாசலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். மத்திய அரசு நிறுவனங்களின் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் உண்டு. பெங்களூரில் கவுன்சலராகப் பெயர்ப்பலகை மாட்டுபவர்களில் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள் அல்லர். தனியார் டிப்ளமாக்களுக்கும் சான்றிதழ்களுக்கும் அந்த விகிதங்கள் பொருந்தா. கட்டணம் கட்டி, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் செய்து, பர்சனல் தெரபிக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து, இடையில் வீட்டு வாடகையும் கட்டக்கூடியவருக்கே அவை கட்டுப்படியாகும்.

உள்ளே வந்தவர்களுக்கும் வாசல் தாண்டியதோடு எதுவும் முடிவதில்லை. தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு, ஆசிரியர்களின் நடத்தையிலிருந்து விடுதி வரை பிரிவினை இருப்பதை 2007-லேயே பதிவு செய்தது. 2019 மே 22 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில் முதுநிலை மாணவி பாயல் தாட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்குப் பதிவானது. அவர் மகப்பேறு மருத்துவம் படித்தவர், உளச்சிகிச்சை படித்தவர் அல்லர். ஆனால் இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் கல்வி நிறுவனங்கள் அறிவிக்கும் முதல் தீர்வு, வளாகத்தில் கூடுதல் கவுன்சலர்கள் என்பதே. அந்தக் கவுன்சலருக்கோ சாதியைப் பற்றிப் பயிற்சியில் எதுவும் சொல்லித் தரப்பட்டிருக்காது.

5. சாதி அன்று, வர்க்கமே காரணம் என்ற வாதத்துக்கு ஆயுள் குறைவு. ஆஷிஷ் குப்தாவும் டயான் காஃபியும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் சொல்லும் மனநலம் உயர்சாதி இந்துக்களுடையதைவிட மோசமாக இருப்பதைக் காட்டியது. சொத்து, கல்வி, செலவு ஆகியவற்றைச் சமன்செய்து பார்த்த பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. நகரத்தில் சாதி இல்லை என்பதும் இதே ரகம். தீண்டாமை கடைப்பிடிப்பதாகத் தாமே ஒப்புக்கொண்ட குடும்பங்கள், முன்பு சொன்ன மனித மேம்பாட்டு ஆய்வின் 2011–12 கணக்கில், நகரங்களில் ஐந்தில் ஒன்று. ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் அவ்வளவு.

நகரத்தில் சாதி இல்லை என்ற இந்த நம்பிக்கை துறையின் சொந்தக் கருவிகளிலேயே அச்சாகியிருக்கிறது. நோயாளியின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க இந்திய ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது இரண்டு அளவுகோல்கள். உதய் பாரீக், ஜி. திரிவேதி 1964-ல் கிராமத்துக்காக உருவாக்கியதில் சாதிக்கு இடம் இருக்கிறது. பி. குப்புசாமி 1976-ல் நகரத்துக்காகத் தந்ததில் கல்வி, தொழில், வருமானம் மட்டுமே. மாண்டியா பக்கத்துக் கிராமத்தில் சாதி இருந்த ஆள், பேருந்தேறிப் பெங்களூரின் மெஜஸ்டிக் நிலையத்தில் இறங்கியதும் சாதி இல்லாதவர் ஆகிவிடுகிறார் என்று இந்த இரண்டு படிவங்களையும் சேர்த்து வாசிப்பவர் முடிவுகட்டலாம்.

வர்க்க வாதம் இன்னொரு கூட்டத்தையும் விளக்கத் தவறுகிறது. 2012 ஆகஸ்டில் தாக்கப்படுவார்கள் என்று வதந்தி பரவி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்து குவாஹாத்திக்கு வண்டியேறினார்கள். 2016 ஜனவரி இறுதியில் தான்சானிய மாணவி ஒருவர் இதே நகரத்தின் புறப்பகுதியில் கும்பலால் தாக்கப்பட்டார். அவர்களை அடையாளம் காட்டியது வருமானம் அன்று, முகமும் நிறமும்.

6. சாதியைப் பற்றிய பேச்சு அமெரிக்க இரவல் என்பவர்கள் இந்திய உளச்சிகிச்சையின் தொடக்கத்தைப் படிக்கவில்லை. 1918-ல் ராஞ்சியில் திறக்கப்பட்ட ஐரோப்பிய மனநல மருத்துவமனை வெள்ளையரையும் ஆங்கிலோ-இந்தியரையும் மட்டுமே சேர்த்தது. இந்தியருக்கு 1925-ல் வேறு மருத்துவமனை வந்தது. ஐரோப்பிய மருத்துவமனையை 1919 முதல் நடத்திய ஓவன் பெர்க்லி-ஹில், கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். இந்துக்களின் மதமும் குணமும் மலம் சார்ந்த குழந்தைப் பருவச் சிக்கலின் விளைவு என்று உளப்பகுப்பாய்வின் பெயரால் 1921-ல் கட்டுரை எழுதியவரும் அவரே. (மலபாரில் ஒரு தீயர் பெண்ணை மணந்து வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கலப்பு மணம் புரிந்தவர் பாகுபாடு பார்க்கமாட்டார் என்ற எளிய நம்பிக்கைக்கு அது பதில்.) அந்தக் கழகத்தின் இந்திய உறுப்பினர்கள் பெரும்பாலும் வங்காள உயர்சாதியினர். வெள்ளையர் தம் இனத்தை அறிவியலின் நடுநிலையாகக் காட்டியபோது அதை இந்தியர் கண்டுகொண்டார்கள். தம் சாதியையே அவர்கள் நடுநிலையாகக் காட்டுவதைக் கண்டுசொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்பவர்கள் மாற்றாக எதை வைக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஜஸ்வந்த் சிங் நேக்கி 1973-ல் குரு–சீடர் உறவை இந்தியாவுக்கு ஏற்ற சிகிச்சை மாதிரியாக முன்வைத்தார். மேற்கத்திய மாதிரி எல்லோரையும் தனியாளாக நிற்கச் சொல்கிறது, இங்கே சார்ந்திருப்பது இழிவில்லை என்ற அவர் கவனிப்பு கூர்மையானது. 2002-ல் புதுச்சேரியில் கூடிய உளவியலாளர்கள் இந்திய உளவியலுக்கென ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். பகவத் கீதையை முதல் கவுன்சலிங் என்று வகுப்பில் சொல்வதும் பழகிவிட்டது. ஆனால் குரு யாரைச் சீடனாக ஏற்றார், யாருடைய கட்டைவிரலைக் கேட்டார் என்ற கேள்வி இந்திய மரபுக்குள்ளேயே இருக்கிறது. ஏகலைவனை அமெரிக்கா அனுப்பி வைக்கவில்லை. உபநிடதம் பாடத்திட்டத்துக்குள் வரும்போது அது பண்பாடு. சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசரோ புலேயோ வந்தால் மட்டும் அது அரசியல் ஆகிவிடுகிறது.

அமெரிக்கா இதில் ஒரு பாடம் தருகிறது, இரவல் வாங்குவதற்காக அன்று, எச்சரிக்கைக்காக. அங்கும் சிகிச்சை அறைக்கு நிறமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1968-ல் கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இனவெறியில் தன் பங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க 2021 அக்டோபர் ஆயிற்று. உளப்பகுப்பாய்வுப் பயிற்சி நிலையங்களுக்குள் நிலவும் இனப்பாகுபாட்டை ஆராய்ந்த ஹோம்ஸ் ஆணையம் 2023-ல்தான் அறிக்கை தந்தது. தாமதத்தின் அளவு அரை நூற்றாண்டு. இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கமும் அதே 1968-ல் தொடங்கியதுதான். இங்கே பேச ஆள் இல்லாமலும் இல்லை. நிம்ஹான்ஸில் படித்து லண்டனில் பணியாற்றும் மனநல மருத்துவர் சுஷ்ருத் ஜாதவ், சாதி மனத்தில் செய்யும் வேலையைப் பற்றி மானிடவியலாளர் டேவிட் மோஸ் உள்ளிட்டோருடன் 2016-ல் எழுதினார். திவ்யா கந்துகூரி ஒடுக்கப்பட்டோருக்காக ‘தி ப்ளூ டான்’ என்ற மனநல ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். இவை பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்தவை.

7. சாதியைக் கேட்பதே சாதியை வளர்க்கும் என்ற ஆட்சேபத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. வரவேற்பறைப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்வது உதவியும் அன்று, பண்பும் அன்று. மேலே சொன்ன புதிர்ப்பாதைச் சோதனையே அதற்குச் சான்று. யார் கேட்கிறார், கேட்டதை என்ன செய்யப்போகிறார் என்று தெரியாத இடத்தில் அந்தக் கேள்வி மிரட்டலாகவே விழும். ஆனால் இந்த ஆட்சேபம் சிகிச்சையாளரைப் பற்றியது, நோயாளியைப் பற்றியது அன்று. நோயாளி தாமாகச் சாதியைச் சொல்லும் நாளில் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்று கற்றுத்தர, படிவத்தில் கட்டம் எதுவும் தேவையில்லை. பாலியல் துன்பத்தைப் பற்றிக் கேட்பதும் ஒரு காலத்தில் அநாகரிகமாகக் கருதப்பட்டது. கேட்கும் முறையைத் துறை கற்றுக்கொண்டது. சாதிக்கு மட்டும் கற்றுக்கொள்ள முடியாது என்பது இயலாமை அன்று, விருப்பமின்மை.

மேலும், சாதியைப் பேச வேண்டியவர் தலித் நோயாளி மட்டும்தான் என்ற அனுமானம் இந்த ஆட்சேபத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. மேற்சாதி மாணவரும் தம் ஜீனோகிராமில் சாதி எங்கே இருக்கிறது என்று காட்டப் பயிற்சி பெற வேண்டும். அந்த எழுத்தர் வேலை, வங்கி வேலை, அக்ரகாரத்து வீடு, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா எல்லாம் அதில் அடங்கும். சாதி இல்லாதவர்போல் வாழும் வசதி எவ்வளவு சாதியால் கிடைத்தது என்பதை அவர் ஒருமுறை வரைந்து பார்த்தால், அடுத்த மாணவர் பலகைக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டியதில்லை.

இந்தப் பொதுக்கருத்தின் விலை யார் தலையில் விழுகிறது? நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை என்றது. சிகிச்சையாளர் தட்டுப்பாடு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். தட்டுப்பாட்டு நாட்டில், வரக்கூடியவர்களைப் பயிற்சியிலேயே சலித்து வெளியேற்றுவது யாருக்கு லாபம்? புகார் சொல்லவும் இடம் குறைவு. மருத்துவ உளவியலாளரை 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு செய்கிறது. மற்ற உளவியலாளர்களையும் கவுன்சலர்களையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021-ல்தான் துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் வந்தது. அதுவரை பெரும்பகுதி கேட்பாரற்றே வளர்ந்தது.

செய்ய வேண்டியவை புரட்சிகரமானவை அல்ல. பயிற்சி நிலையங்கள் தம் மாணவர், ஆசிரியர், மேற்பார்வையாளர் ஆகியோரின் சமூகப் பின்னணிக் கணக்கை, ஆள் அடையாளம் தெரியாமல், ஆண்டுதோறும் வெளியிடலாம். பாகுபாட்டுப் புகாரை மாணவரின் மேற்பார்வையாளரும் அவருடைய சிகிச்சையாளரும் கையாளக் கூடாது என்று விதி செய்யலாம். இந்த ஒரு விதி இரண்டாம் புள்ளியில் சொன்ன இடமாற்றத்தைத் தடுக்கும். தமிழிலும் கன்னடத்திலும் நடந்த அமர்வை அந்தந்த மொழியிலேயே மேற்பார்வை செய்ய ஆள் அமர்த்தலாம். பொருத்தம் என்பதன் அளவுகோல்களை எழுதி வைத்து, அதற்கு மேல்முறையீட்டுக்கும் வழி வைக்கலாம்.

இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, எவ்விதப் பாகுபாடுமின்றி மனநலச் சேவை பெறும் உரிமையைச் சொல்லும்போது பாலினம், மதம், பண்பாடு, வர்க்கம் ஆகியவற்றோடு சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.